விஜயதசமி வராத கத்திகள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சங்கரன்கோவிலில் அழுக்கான இரும்பைப் பார்க்க முடியாது. விசைத்தறிக் கூடங்களில் தறியை நிறுத்தி, பஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். பூ மார்க்கெட்டில் தராசுக்குக் குங்குமம். ஆட்டோவுக்கு வாழைக்கன்று. முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கும் சீப்புக்கும் பொட்டு. என் வாட்ச் ரிப்பேர் கடையிலும் கண்ணில் மாட்டும் லென்ஸ், ட்வீசர், ஊசிமுனை ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்து அடுக்கி வைப்பேன். பக்கத்தில் ஒரு தேக்குப் பெட்டியையும் திறந்து வைப்பேன். அதில் இருப்பவை பழைய மடக்குக் கத்திகள்.

வாட்ச்சுக்கும் மடக்குக் கத்திக்கும் என் மேசையில் சொந்தம் உண்டு. இரண்டுக்கும் உயிர் ஸ்பிரிங்கில். ஸ்பிரிங் தளர்ந்த கத்தியை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் வாட்ச் கடைக்குக் கொண்டு வருவார்கள். சரிசெய்து கொடுத்தால், "நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி, வீட்ல சும்மாதான் கெடக்கு" என்று விட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிச் சேர்ந்தவை இவை. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்த ஷெஃபீல்டு ராட்ஜர்ஸ் கத்தி, கொழும்புக் கடையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரின் மடியில் வந்தது. மரம் முத்திரை போட்ட சோலிங்கன் கத்தி ஒன்று. பட்டாளத்துக்காரர் ஒருவரின், கயிறு பிரிக்கும் முள் வைத்த தடித்த கத்தி ஒன்று. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த ஹிகோனோகாமி ஒன்று. மடித்த தகட்டுக்குள் அலகு, ஸ்பிரிங்கே கிடையாது. தந்தப் பிடி போட்டது வந்தால் வாங்க மாட்டேன். சட்டமும் இடம் தராது, செத்த யானையும் இடம் தராது.

ஒரு வருஷம் பூஜையின்போது, கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "அண்ணாச்சி, இதெல்லாம் ஒரு வேலையும் செய்யலையே. இதுக்கு எதுக்குப் பொட்டு?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவருக்குப் பொட்டு வைத்தால் அவனுக்குப் புரிகிறது. அதைப் பிடித்து அவன் சோறு சாப்பிடுகிறான். தறி நாளை மறுநாள் ஓடும், கத்தரி நாளை மறுநாள் முடி வெட்டும். பெட்டிக்குள் இருக்கிற கத்திகள் அப்போதும் பெட்டிக்குள்தான் இருக்கும். உழைக்காத ஆயுதத்துக்கு ஆயுத பூஜையில் என்ன இடம்?

சேர்த்து வைக்கிற பழக்கத்தைப் பற்றி நம் சமயங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. பெரும்பாலும் அந்தப் பேச்சு சேர்க்கிறவனைப் பற்றியது. பற்று அவனை என்ன செய்யும், அவன் எப்படி விடுபடுவான் என்று. அது நல்ல கேள்விதான். பையனின் கேள்வி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சேர்த்து வைப்பதால் எனக்கு என்ன ஆகிறது என்பது இருக்கட்டும். கத்திக்கு என்ன ஆகிறது?

கத்தி சேகரிப்பவர்களிடையே விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே மாதிரிக் கத்திகள் இரண்டு என்று வையுங்கள். ஒன்று ஒரு மனிதனோடு ஆயுள் முழுக்க உழைத்து, சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியானது. இன்னொன்று வாங்கிய நாளிலிருந்து உறைக்குள் கிடந்தது. தேயாததற்குத்தான் பல மடங்கு விலை. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1822-இல் வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 1,822 அலகுகள் வைத்து ஒரு கத்தி செய்தது. 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்கு 75 அலகுகளோடு நார்ஃபோக் கத்தி என்று ஒன்று செய்தது. கைத்திறனில் அவற்றை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் 1,822 அலகு உள்ள கத்தியால் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூட நறுக்க முடியாது. ஒரு கத்தியை இத்தனை கொண்டாடி, கத்தி என்ற நிலையிலிருந்தே அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கோடாரியை எடுத்துக்கொள்கிறார். கோடாரி ஒரு இயற்கையான உடம்பாக இருந்தால், கோடாரியாக இருப்பதே அதன் ஆன்மா. அது போய்விட்டால் மிச்சம் இருப்பது பெயருக்குத்தான் கோடாரி என்கிறார். அடுத்தாற்போல் கண்ணைச் சொல்கிறார்: பார்வைதான் கண்ணின் ஆன்மா, கல்லில் செதுக்கிய கண் பெயருக்குத்தான் கண். (அந்த இடத்தில் நாம் அவரோடு ஒத்துப்போக முடியாது. கல்லில் செதுக்கிய கண்ணைத்தான் நம் ஸ்தபதிகள் திறக்கிறார்கள், அதுவும் ஒரு உளியால்.) ஆனாலும் கோடாரியைப் பற்றி அவர் சொன்னது என் பெட்டிக்கு நேராகப் பொருந்தியது. மரப்பிடியை மாற்றினால், அலகை மாற்றினால் அது அதே கத்தியா என்று தத்துவத்தில் இன்னொரு பழைய கேள்வி உண்டு. மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரை வைத்துப் பேசியதும் அந்த வழியில்தான். எனக்கு அது பெரிய கேள்வியாகத் தோன்றியதில்லை. ஸ்பிரிங் மாற்றி, கண்ணாடி மாற்றி, டயல் மாற்றிக் கொடுத்த வாட்ச்சை "எங்க அப்பா வாட்ச்" என்று சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களை தினமும் பார்க்கிறேன். ஓடினால் அது அப்பா வாட்ச்தான். ஓடாவிட்டால்?

"சாமிக்கு நேர்ந்த அரிவாள் மட்டும் வேலையா செய்யுது?" என்று பையனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். சுடலைமாடன் பீடங்களில், அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதியில், எத்தனை அரிவாள் நேர்த்திக்கடனாக வந்து சேர்கிறது! திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் ஆள் உயரத்தைத் தாண்டிய அரிவாளைக்கூட அடித்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைத் தூக்கி வீச எந்த மனிதனாலும் ஆகாது. ஒரு கதிரையும் அறுக்காமல், ஒரு தென்னம்பாளையையும் சீவாமல், எலுமிச்சம்பழம் குத்திய முனையோடு காற்றிலும் மழையிலும் நிற்கும். பார்த்தால் அதுவும் ஒரு சேகரிப்புதான். என் பெட்டியைவிடப் பல நூறு மடங்கு பெரிது.

அந்த அரிவாளை நேர்ந்த ஆளிடம் கேளுங்கள். அது சும்மா நிற்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ராத்திரி சாமி வேட்டைக்குப் போகும்போது எடுக்கும் என்பார். அத்தனை பெரிதாக அடித்ததே அந்தக் கையின் அளவுக்குத்தான். மனிதனால் தூக்க முடியாதது என்பதுதான் அதில் விஷயம்.

ஆதிச்சநல்லூரிலும் இதையே பார்க்கிறேன். 1876-இல் ஜாகோர் தோண்டினார், 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு கத்தி, வாள், ஈட்டி என்று இரும்பு ஏராளமாகக் கிடைத்தது. இரும்பு ஆயுதங்கள் முனை கீழே இருக்கும்படி, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தி வைத்ததுபோல் இருந்தன என்று ரீ குறித்திருக்கிறார். அங்கிருந்து தூரமில்லாத சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு உருக்குவது எத்தனை பாடு என்று தெரிந்த காலத்து மனிதர்கள், நல்ல அலகை மண்ணுக்குள் விட்டார்கள். செத்தவருக்கு அங்கேயும் ஒரு கை இருக்கிறது, அதற்குத் தேவைப்படும் என்று நினைத்திராவிட்டால் அதை ஏன் செய்யப் போகிறார்கள்?

பாண்டவர் கதையும் இதுதான். மறைந்து வாழ வேண்டிய ஒரு வருஷத்துக்கு ஆயுதங்களையெல்லாம் வன்னிமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். யாரும் கிட்டே வராமல் இருக்கப் பிணம் ஒன்றையும் கூடவே கட்டினார்கள். காண்டீவம் அந்த வருஷம் முழுக்க ஒரு அம்பும் விடவில்லை. ஆனால் அதை எடுக்கப் போகிற கை விராடன் அரண்மனையில் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஆயுதங்களைத் திரும்ப எடுத்த நாள் என்றுதான் விஜயதசமியைச் சொல்கிறோம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிந்தது. இரும்பைக் கும்பிட்ட நம் மனிதர்கள், கை இல்லாத கத்தியை எங்கேயும் வைத்ததில்லை. சாமியின் கை, செத்தவர் கை, ஒளிந்திருப்பவர் கை என்று ஏதோ ஒரு கையை அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். சேகரிப்பவன் அலமாரியில்தான் கத்தி முதல் தடவையாக அநாதையாகிறது. ஆயுத பூஜை என்பது ஓய்வைக் கும்பிடுவது. அன்றைக்குத் தறி ஓடாது, புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஏடு அடுக்குவது என்போம். மறுநாள் மறுபூஜை போட்டு, புத்தகத்தில் ஒரு பக்கமாவது படித்து, தறியில் ஒரு முழமாவது நெய்து எடுத்தால்தான் பூஜை முடியும். எடுக்கப்போகிறோம் என்பதால்தான் வைப்பதற்கு அர்த்தம். சேகரிப்பு என்பது விஜயதசமியே வராத ஆயுத பூஜை.

இதை எனக்கு நேராகவே சொன்னவர் ஒரு அம்மா. சென்னையில் மகனோடு போய்த் தங்கப் போகிறார், வீட்டைக் காலி செய்கிறார். துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் வைத்தார். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் கீழே வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை காத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் மடக்கெழுத்தாணி.

பேனாக்கத்தி கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்னால் நம்மிடம் இருந்த மடக்குக் கத்தி இது என்றே சொல்வேன். ஒரு சாணுக்கும் குறைவான எலும்புப் பிடி. அதன் ஒரு நுனியில் ஓலை வாருவதற்கு மெல்லிய கத்தி, மறு நுனியில் எழுத்தாணி. இரண்டும் மடங்கிப் பிடிக்குள் ஒளியும். லென்ஸ் போட்டுப் பார்த்தேன். பிடியில் ஒரு பக்கம் மட்டும் விரல் பட்டு வழுவழுப்பாகக் குழிந்திருந்தது. எழுத்தாணியின் ஊசி முனை ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. ஒரே மனிதன், ஒரே சாய்வில், வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். அந்த அம்மாவின் தாத்தா கோயில் கொடைகளுக்கு வில்லுப்பாட்டு ஏடுகளைப் படியெடுத்துக் கொடுத்தவராம்.

"சரஸ்வதி பூஜைக்கு இதைத்தான் வைப்போம் அண்ணாச்சி. அங்க போனா எங்க வைக்கப்போறேன்? நீங்க வைங்க. வச்சா மறுநாள் எடுத்துரணும், என்ன?"

புத்தகத்துக்கும் ஆயுதத்துக்கும் ஒரே நாளில் ஏன் பூஜை என்று கேட்பவர்களிடம் அதற்குப் பிறகு நான் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். ஒரே பிடியில் இரண்டும் இருக்கின்றன.

அன்றிலிருந்து விஜயதசமிதோறும் ஓலை எடுத்து, அந்தக் கத்தியால் ஓரம் வாரி, எழுத்தாணியால் ஒரு பெயர் எழுதுகிறேன். இடது கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியைத் தாங்கவிட்டு, வலது கையை அதிகம் அசைக்காமல் ஓலையை நகர்த்த வேண்டும். எழுதுகிற பெயர் கோமதி. ஓலை கிழிந்துவிடும் என்று பழையவர்கள் புள்ளி வைப்பதில்லை. எங்கள் அம்மன் பெயரில் புள்ளியே கிடையாது. கோவையிலைச் சாற்றில் கரியைக் குழைத்துப் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். மற்ற கத்திகளுக்குப் புளியங்குடி எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றாலும் ஒரு வெட்டு. உடனே கழுவித் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். பழைய எஃகு எலுமிச்சைப் புளிப்பில் நொடியில் கறுத்துவிடும்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் வரும், வரத்தான் வேண்டும். வெட்டுவதுதான் கத்தியின் ஆன்மா என்றால், மனிதனைக் குத்துவதும் அதன் ஆன்மாவில் சேர்ந்ததா? தென் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அரிவாள் என்றாலே எங்களைப் பற்றி ஊர் உலகம் என்ன நினைக்கிறது என்று தெரியும். சாதிச் சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்த இளவட்டங்களின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனர் எங்கள் ரோட்டோரங்களில் உண்டு. அவற்றைக் கடந்து கடை திறக்கப் போகிற ஒவ்வொரு நாளும் மனம் கனக்கிறது. ஜப்பானில் 1960-இல் ஒரு அரசியல் தலைவரை மேடையிலேயே ஒரு இளைஞன் குத்திக் கொன்ற பிறகு, பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று இயக்கம் கிளம்பி, பென்சில் சீவிய ஹிகோனோகாமியும் பள்ளிப் பைகளிலிருந்து மறைந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலே ஒரு வெட்டில் தொடங்கியதுதான். புன்னைவனத்தைக் காத்த காவற்பறையர் ஒரு புற்றை வெட்டப் போனபோது உள்ளே இருந்த பாம்பின் வால் வெட்டுப்பட்டது. பதறிப்போய்ப் பார்த்தால் பக்கத்தில் லிங்கம். அவர் சொல்லித்தான் உக்கிரபாண்டியன் வந்து கோயில் எடுப்பித்தான் என்பது தலவரலாறு. இன்றைக்கும் புற்றுமண்தான் இங்கே பிரசாதம், மருந்து. இந்தக் கதையில் என்னை நிறுத்துவது, சாமி வெளிப்பட்ட சந்தோஷத்தில் பாம்பின் வாலை அது மறைக்கவில்லை என்பது. ஒரே இரும்பு சாமியையும் காட்டியது, ரத்தத்தையும் சிந்தியது. நானூறு ஐந்நூறு பக்கத் தத்துவ நூலில் இருக்க வேண்டிய நேர்மை அந்த ஒரு வாலில் இருக்கிறது.

ஆட்சேபத்துக்கு நான் கண்ட பதில் மடக்குக் கத்தியின் உள்ளேயே இருக்கிறது. என் பெட்டியில் உள்ள எந்தக் கத்திக்கும் பூட்டுக் கிடையாது. ஸ்பிரிங் வைத்தவற்றில், முதுகில் இருக்கிற எஃகுப் பட்டை அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். இழுத்து நறுக்கினால் அலகு நிற்கும். முனையால் ஓங்கிக் குத்தினால் அலகு மடங்கி, பிடித்திருக்கிற விரலையே வெட்டும். குத்துவது இதன் வேலை அல்ல என்று செய்தவர் அந்த ஸ்பிரிங்கிலேயே முடிவு செய்துவிட்டார். ராம்பூர்க் கத்தி படக்கென்று திறந்து பூட்டிக்கொள்ளும். அதை யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரு கருவியால் என்னென்ன முடியும் என்பது வேறு, அதற்கு என்ன வேலை என்பது வேறு. பழத்தை நறுக்கவும் பென்சில் சீவவும் ஓலை வாரவும் செய்தவர்கள், மனித உடம்புக்கு எதிராக ஒரு தடையையும் அதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். எல்லாக் கத்திக்கும் இந்தப் பதில் செல்லாது. அரிவாளுக்குச் செல்லாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பிடிக்கிற கைதான்.

இதைவிட எனக்குக் கஷ்டமான ஆட்சேபம் வேறொன்று. வருஷத்தில் ஒரு நாள் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுப்பது உழைப்பா? அது சடங்கு. தறிக்காரர் விஜயதசமியன்று நெய்கிற ஒரு முழம், அதற்கு மறுநாள் நெய்யப் போகிற பல முழங்களின் தொடக்கம். என் எலுமிச்சை வெட்டுக்கு மறுநாளே இல்லை. ஆக, பையன் கேட்டதற்கு அது பாதிப் பதில்தான்.

மீதியை வன்னிமரத்திடம்தான் எடுத்துக்கொண்டேன். மரம் ஆயுதங்களை வைத்துக்கொள்ளவில்லை. உரியவர்கள் வரும்வரை தாங்கியது. சேகரிப்பவன் நிற்க வேண்டிய இடம் அது என்று நான் முழு மனதாக நம்புகிறேன். துரு ஏறவிடாமல், பேரீச்சம்பழத்துக்குப் போகவிடாமல், ஸ்பிரிங் தளர்ந்தால் சரிசெய்து வைத்திருந்து, கை வரும்போது கொடுத்துவிட வேண்டும். தேய்ந்துவிடுமே என்று மதுரையில் இருக்கிற, என்னைப் போலவே சேகரிக்கிற நண்பர் வருத்தப்படுகிறார். ஒவ்வொரு சாணைக்கும் கொஞ்சம் எஃகு போகும், உண்மைதான். தேய்மானம் என்பது கத்தி செலவழித்த ஆயுள். செலவழிக்காத ஆயுளை என்னால் ஆயுள் என்று சொல்ல முடியவில்லை. அந்த நண்பரோடு இதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.

பட்டாளத்துக் கத்தி இப்போது பூ மார்க்கெட்டில் சாக்கு மூட்டை பிரிக்கும் ஒரு பையனிடம் இருக்கிறது. கயிறு பிரிக்கும் முள்ளுக்கு அங்கே தினமும் வேலை. சோலிங்கன் கத்தியை ஒட்டுச்செடி கட்டுகிற ஒரு தோட்டக்காரர் வாங்கிப் போனார். காசு வாங்கவில்லை, சாணை பிடிக்க என்னிடம் மட்டும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ராட்ஜர்ஸை விட எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அதன் அலகு திறக்கும்போது வருகிற சத்தம் அப்படி.

மடக்கெழுத்தாணிக்குக் கை கிடைத்துவிட்டது. அந்த அம்மாவின் பேத்தி ஓலையில் எழுதப் பழக ஆசைப்படுகிறாளாம். ஆடித்தபசுக்கு வரும்போது அழைத்து வருவதாகப் போனில் சொன்னார். முதலில் ஓலை வாரப் பழக வேண்டும், எழுத்து அப்புறம். பனை ஏறுகிற ஒருவரிடம் இளம் ஓலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வெட்டி, காயவைத்து, பதப்படுத்தி எடுக்க நாள் பிடிக்கும். அவர் இந்த வாரமே கொண்டுவந்தால்தான் சரியாக இருக்கும்.